வந்தது சாமியா பேயா? சமீபத்துல பாத்த பேய்ப்படம், கிறுக்குப்படம் எல்லாத்தையும் இங்க கொட்டுங்க

நடுச்சாம நரி (ரங்கூன்)

கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாத ஊர்ல பேய்ப்படம் பாக்குறதுல ஒரே வசதி, லைட்ட அணைக்கிற வேலை மிச்சம். அப்படித்தான் போனும் பவர் பேங்கும் ஹெட்போனுமா 2021ல வந்த தாய்லாந்து படம் 'தி மீடியம்' பாத்து முடிச்சேன். 'ஷட்டர்' எடுத்த ரெண்டு டைரக்டர்ல ஒருத்தர் பஞ்சோங், அவர் படம்தான், தயாரிப்பு கொரியாக்காரர் நா ஹாங் ஜின். கதை ஈசான் பக்கம். ஒரு குடும்பத்துப் பொம்பளைங்க மேல தலைமுறை தலைமுறையா பாயான்னு ஒரு பெண் தெய்வம் இறங்கும், இப்ப இறங்குறது நிம்னு ஒரு அம்மா மேல. அவங்கள படம் புடிக்க டாகுமென்டரி ஆளுங்க வர்றாங்க, அந்த நேரம் பாத்து அக்கா மக மிங்க்குக்கு நடத்தையே மாறுது, சரி அடுத்து பாயான் இந்தப் புள்ள மேலதான் வரப்போறான்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அவ்வளவுதான் சொல்லுவேன், மிச்சம் ஸ்பாய்லர்.

பேய் புடிக்கிற படத்துக்கெல்லாம் நான் பயப்படுற ஆள் இல்ல. எங்க பெரியத்தைக்கு ஆடி மாசம் சாமி வரும், மஞ்சத்தண்ணி ஊத்தி வேப்பிலை குடுத்து சின்ன வயசுலயே பழகிப்போச்சு, அதனால வெள்ளைக்காரன் படத்துல ஒரு புள்ள கண்ண உருட்டி குரல மாத்திப் பேசினா எனக்கு என்னமோ வீட்டு விசேஷத்துல உக்காந்திருக்குற மாதிரிதான் இருக்கும். ஆனா இந்தப் படம் தூங்க விடல. உங்களுக்கு அப்படி எதாவது?

மோல்மேன் மாங்கா

நரி அண்ணே நானும் பாத்தேன், பாதில போன கவுத்து வச்சிட்டு தண்ணி குடிச்சிட்டு வந்து மறுபடி பாத்தேன். ராத்திரி வீட்டுக்குள்ள கேமரா வச்சு எடுக்குற பகுதில அந்த நாய் சீன் இருக்கே, அதுக்கப்புறம் எங்க வீட்டு நாயப் பாக்கவே பாவமா இருந்துச்சு.

பயம் எனக்கு எங்கன்னா வந்தது யாருன்னே தெரியாம போகுதுல்ல, அங்கதான். நம்ம கோயில்ல சாமி வந்தா பூசாரி மொத கேக்குறது என்ன, யாரு வந்திருக்கீகன்னுதான, வந்தவங்க பேர் சொல்லுவாங்க, காளின்னா காளி முனின்னா முனி, சூடம் ஏத்தி நாக்குல வச்சு உண்மையான்னு பாத்துட்டு அப்புறம்தான் காலுல விழுவோம். இந்தப் படத்துல அந்தப் பொண்ணுகிட்ட யாரு நீன்னு கேட்டா ஒரு பதிலும் நிக்க மாட்டேங்குது, நிறைய பேர் இருக்காங்க உள்ள.

கட்டிலுக்கு அடியில (பாங்காக்)

வணக்கம் அண்ணே, நான் இப்ப வேலைக்கு இங்க வந்துட்டேன், தியேட்டர்ல பேய்ப்படம் பாக்கணும்னா இந்த ஊர்தான். 2023ல வந்த 'டீ யோட்' பத்தி யாருமே பேசலையே?? காஞ்சனபுரி பக்கம் ஒரு கிராமம், 1970கள், வீடு நிறைய புள்ளைங்க, ராத்திரியானா இருட்டுக்குள்ள இருந்து ஒரு குரல் டீ யோட் டீ யோட்னு முணுமுணுக்கும். அதுக்கு அர்த்தமே கிடையாது, அதுதான் பயமே. கதை சுமார், அண்ணங்காரன் துப்பாக்கி எடுத்துட்டு காட்டுக்குள்ள ஓடுறதெல்லாம் ஆக்‌ஷன் படம். ஆனா சவுண்ட் தியேட்டர்ல நாலு பக்கமும் சுத்தி வரும் பாருங்க, பக்கத்து சீட்டுக்காரி என் கையப் புடிச்சிட்டா, யாருன்னே தெரியாது.

மோல்மேன் மாங்கா

அதான் ரொம்ப நாளா பாங்காக்க விட்டு வரமாட்டேங்குறியா தம்பி 😂

ஏழாம் மாடி

டீ யோட்ட சவுண்டுக்காக ஒரு தடவை பாக்கலாம், அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது 2024ல வந்த கொரிய படம் 'எக்ஸ்யூமா'. கொரியாவுல மட்டும் ஒரு கோடிக்கு மேல டிக்கெட் வித்த படம், பேய்ப்படத்துக்கு இவ்வளவு கூட்டமான்னு நினைச்சுதான் உக்காந்தேன். முதல் பாதி பிரமாதம். ஒரு பணக்காரக் குடும்பத்துல பிறக்குற மூத்த புள்ளைங்களுக்கெல்லாம் தாத்தா தொல்லை, கல்லறைய மாத்தணும், அதுக்கு மண் பாத்து இடம் சொல்ற பெரியவர் ஒருத்தர், சாமியாடுற பொண்ணு, அவளோட சிஷ்யன், பிணம் அடக்கம் பண்றவர்னு நாலு பேரும் கிளம்பிப் போறாங்க. தோண்டத் தோண்ட அந்தப் பொண்ணு முகத்துல கரிய பூசிட்டு கத்தியோட ஆடிக்கிட்டே பன்னிங்கள குத்துற சீன், மேளம் எடிட்டிங் எல்லாம் அப்படியே நம்மளயும் எழுந்து ஆட வச்சிரும்.

அதுக்கப்புறம் கீழ இன்னொரு பெட்டி செங்குத்தா பொதச்சிருக்கு, அதுல இருந்து ஒரு ஜப்பான் சாமுராய் பூதம் எழும்பி வருது. போச்சு. கண்ணுக்குத் தெரிஞ்சிருச்சுன்னா அது பேய் இல்ல, சண்டைக்காரன். எப்படி அடிக்கிறதுன்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டேன், பயம் போயே போச்சு.

தட்டோன் தாத்தா

ஏழாம் மாடி தம்பி சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். என் பேரன் லேப்டாப்புல போட்டுக் காட்டினான், எனக்கு ரெண்டாம் பாதிதான் புடிச்சது. நீங்க எல்லாம் அதுல பூதத்தப் பாக்குறீங்க, நான் ஜப்பான்காரனப் பாத்தேன்.

1941 டிசம்பர் 23ல ரங்கூன்ல குண்டு போட்டானுங்க. 42ல பர்மாவுல இருந்த நம்ம சனம் லட்சக்கணக்குல மூட்டை முடிச்சோட இந்தியாவுக்கு நடந்துச்சு, டவுங்குப் பக்கம் மலை ஏறி அரக்கான் வழியா ஒரு கூட்டம், தமு தாண்டி மணிப்பூர் வழியா ஒரு கூட்டம், போனதுல எத்தன பேர் வழியிலேயே விழுந்தாங்கன்னு எவனும் எண்ணல. அப்புறம் ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல போட்ட சயாம் மரண ரயில், 415 கிலோமீட்டர், 42ல ஆரம்பிச்சு 43 அக்டோபர்ல முடிச்சானுங்க. மலாயா தோட்டத்துல இருந்து தமிழ் ஆளுங்கள நல்ல சம்பளம்னு சொல்லி அள்ளிட்டு வந்தானுங்க, காலராவுலயும் பட்டினியிலயும் ஆசியக் கூலிகள் மட்டும் 90 ஆயிரம் பேர் வரைக்கும் செத்தாங்கங்குறாங்க. எங்க ஊர்ல இருந்து தெக்க மோல்மேன் தாண்டிப் போனா தன்பியூசயாட், அங்க வெள்ளைக்கார சிப்பாய்க்கு வரிசையா புல்லு வெட்டி பேர் பொறிச்ச கல்லறை மூவாயிரத்துக்கு மேல இருக்கு. நம்ம ஆளுக்கு கல்லும் கிடையாது பேரும் கிடையாது.

ரயில் பாதையோரம் ராத்திரி பூட்ஸ் சத்தம் கேக்கும்னு எங்க ஆத்தா சொல்லும். நான் கேட்டதில்ல, கேட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் படத்துல ஜப்பான்காரன் பூமிக்கு அடியில முதுகெலும்புல ஆணி அடிச்ச மாதிரி நின்னுக்கிட்டே கெடக்கான் பாருங்க, எனக்கு அது கட்டுக்கதையா படல.

ஏழாம் மாடி

தாத்தா, நீங்க சொன்னதுக்கப்புறம் அந்தப் படத்தோட அரசியலப் பத்தி நான் வாயத் திறக்கல. அந்தப் பணக்காரத் தாத்தா ஜப்பானுக்கு வால் புடிச்சு சம்பாதிச்ச ஆளுங்கறது முதல் பாதிலேயே வந்துருது, ஜப்பான்காரன் மலையில இரும்பு அடிச்சு நாட்டோட சக்திய அறுத்துட்டாங்கற கொரிய நம்பிக்கைய வச்சுத்தான் கதையே நிக்குது, புரியுது. ஆனா நான் கேக்குறது பயம் எங்கன்னுதான். ஈரக் கட்டை இரும்ப ஜெயிக்கும்னு பெரியவர் கணக்குப் போட்டு ரத்தம் நனைஞ்ச கட்டைய வச்சு அடிக்கிறாரே, அது பஞ்சபூதக் கணக்கு, நல்ல ஐடியா, கைதட்டினேன், பயப்படல.

நடுச்சாம நரி

ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு ஒரே இடத்துல வந்து நிக்குது. முதல் பாதில தாத்தா ஆவி கண்ணாடில வருது போன்ல வருது, யாருன்னு தெரியாத மாதிரியே சுத்துது, பயம். அது யாரு என்ன பாவம் பண்ணுச்சுன்னு தெரிஞ்ச உடனே பயம் இறங்கிருது, கோவமோ பரிதாபமோ வந்துருது. நம்ம தட்டோன் தாத்தாவுக்கு வந்தது பயம் இல்ல, கோவம். சரிதான தாத்தா?

நம்ம தமிழ்ப் பேய்ப்படத்துல எல்லாம் பயம் ஏன் முக்கால் மணி நேரத்துக்கு மேல தாங்க மாட்டேங்குதுங்கறதுக்கும் இதான் பதில். 2011ல 'காஞ்சனா' ஓடினதுல இருந்து எல்லா பேயும் பிளாஷ்பேக் வச்சிருக்கு. யாரு நீன்னு கேட்டா போதும், ஊரு பேரு, யாரு கொன்னா, எதுக்கு கொன்னா எல்லாத்தையும் ஒப்பிச்சிரும், ஒரு பாட்டும் பாடிரும். அதுக்கப்புறம் நம்ம பேய் பக்கம், வில்லன எப்ப கொல்லும்னு காத்துக்கிட்டு உக்காந்திருப்போம்.

ஆனா டைரக்டருங்கள மட்டும் திட்டவும் முடியல. ஊர்ல பேய் ஓட்டுறதே அப்படித்தான நடக்குது. உடுக்கை அடிச்சு நீ யாரு எங்க இருந்து வந்த என்ன வேணும்னு கேட்டு, பேர வாங்கிட்டா பாதி வேலை முடிஞ்சிரும், அப்புறம் முடிய புளியமரத்துல ஆணி அடிக்கிறது சும்மா சம்பிரதாயம். படத்துக்காரன் அத அப்படியே தூக்கிட்டு வந்துட்டான்.

மோல்மேன் மாங்கா

பர்மாக்காரங்க கும்புடுற நாட்டுங்குற ஆவிங்க விஷயத்துலயும் அதே கதைதான அண்ணே. அதுங்களுக்கு எடுக்குற நாட்பொய் திருவிழாவுக்கு போயிருக்கீங்களா? 37 நாட்டுக்கும் தனித்தனி பாட்டு, தனி துணி, தனி ஆட்டம். மேளம் மாறின உடனே கூட்டத்துக்கே தெரிஞ்சிரும் இப்ப யாரு வர்றான்னு. கோஜி ஜோ வந்தா குடிகார நாட்டு, பாட்டில வாயில சாச்சுக்கிட்டே ஆடணும், அவங்கவங்க துட்ட வாரி குத்துவாங்க மேல.

நான் ஒரு தடவை நினைச்சுப் பாத்தேன், மேளக்காரன் ஒரு பாட்டு வாசிக்கிறான், வந்தது வேற ஆளுன்னா? யாருக்கும் தெரியாத ஆட்டமா இருந்தா? அந்தப் படத்த யாராச்சும் இங்க எடுத்தா போதும், உலகத்துலயே பெரிய பேய்ப்படம் அதான். பர்மா படத்துல புதையல் காக்குற பொண்ணு வெள்ள ட்ரெஸ் போட்டு முடிய விரிச்சிக்கிட்டு வர்றதையே எத்தன வருசம் காட்டுவானுங்க.

தட்டோன் தாத்தா

நாட்டுன்னு எடுத்ததுக்கு ஒன்னு சொல்றேன். பியாட்டாங்குறவன் அண்ணன் தம்பியா எங்க தட்டோன் கரையிலதான் ஒதுங்குனானுங்க, இந்தியாவுல இருந்து வந்த முஸ்லிம் பசங்கன்னு கதை. பியாட்டா அனவ்ரதா ராசாகிட்ட வேலைக்குச் சேந்து தினமும் போப்பா மலையில பூ பறிச்சுக் குடுத்தவன், அங்க பூவ மட்டும் தின்னுற அரக்கிய பாத்து கட்டிக்கிட்டான், அவங்களுக்குப் பொறந்த ரெண்டு பசங்களையும் கோயில் கட்டும்போது ஆளுக்கு ஒரு செங்கல் வைக்கலன்னு ராசா கொல்லச் சொல்லிட்டான். இப்ப அவங்கதான் தவுங்பியோன் நாட்டு, ஆகஸ்ட்ல மாந்தளே பக்கம் திருவிழா, வைக்காத செங்கல்லோட ஓட்டைய இப்பவும் காட்டுவாங்க. அநியாயமா செத்தவன்தான் நாட்டு ஆவான். நம்ம மதுரை வீரன் கதையும் சுத்தி வளைச்சு அதான. கொன்னுட்டு கும்புடுறது, பயத்துலதான்.

ஒரு வேடிக்கை பாருங்க, போப்பாவுக்குப் போற வண்டில பன்னிக்கறி ஏத்தவே மாட்டான் டிரைவர். அந்தக் கொரியப் பொண்ணு பன்னிய வரிசையா அடுக்கி வச்சிக்கிட்டு ஆடுது.

பெகு பேச்சி

எல்லாரும் பேய் யாரு பேய் யாருன்னு கேக்குறீங்க, அந்தப் புள்ள யாருன்னு ஒருத்தர் கேக்கல.

'தி மீடியம்' எனக்குப் புடிக்கல. நல்லா எடுத்திருக்காங்க, நிம்மா நடிச்சவங்க ஏ ஒன், அத மறுக்கல. ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒரு வயசுப் பொண்ணு சீரழியுறத அந்த கேமரா ஆளுங்க பின்னாடியே போய் பாத்ரூம் ஆபீஸ்னு விடாம படம் புடிக்கிறானுங்க, ஒருத்தன் கேமராவ கீழ வச்சிட்டு கையக் குடுக்கல. அது வேணும்னே செஞ்ச விமர்சனம்னு சொல்லுவீங்க, தெரியும். விமர்சனம் பண்ணிக்கிட்டே ரசிச்சும் பாக்குது படம். பேய் புடிச்சா எப்பவும் பொண்ணு உடம்புதான் கெடைக்குமா? கோயில்ல நான் கவனிச்சது, எங்க தெருவுல வீட்ல வாயே தொறக்காத ஒரு அக்காவுக்குத்தான் சாமி வரும், வந்தா மாமியார பேர் சொல்லிக் கூப்புடும், புருசன கேள்வி கேக்கும், எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. அது எனக்கு பயமா இல்ல, நல்லா இருக்கும். அதப் படமா எடுக்க மாட்டானுங்க.

நான் சமீபத்துல பாத்து நடுங்கினது 1981ல வந்த 'பொசஷன்', ஜுவாவ்ஸ்கிங்குற போலந்துக்காரர் மேற்கு பெர்லின்ல எடுத்தது. பேர்ல மட்டும்தான் பேய் புடிக்கிறது, படத்துல பூசாரியும் இல்ல மந்திரமும் இல்ல, ஒரு புருசன் பொண்டாட்டி பிரியுறாங்க அவ்வளவுதான், ஆனா அந்த சப்வேல இசபெல் அஜானி தனியா ஆடுற சீன் இருக்கே, சாமி ஆட்டமா வலிப்பா அழுகையா எதுன்னும் சொல்ல முடியாது. அந்த வருசம் கான்ல அவங்களுக்கு சிறந்த நடிகை குடுத்தாங்க. 124 நிமிச படத்த அமெரிக்காவுல 81 நிமிசமா வெட்டிப் போட்டானுங்களாம், அந்த வெட்டுப் படத்தப் பாத்துட்டு வந்து புரியலன்னு சொல்லாதீங்க, முழுசத் தேடிப் பாருங்க.

ஏழாம் மாடி

பேச்சி அக்கா சொன்ன 'பொசஷன்' முழு பிரிண்ட் பாத்திருக்கேன். அதுலயும் அந்த வழவழ ஜந்துவ வெளிச்சத்துல காட்டுவாங்க, ஆனா பயம் குறையல. அப்ப கண்ணுல காட்டினா பயம் போயிரும்னு நான் சொன்னது எல்லாப் படத்துக்கும் ஒட்டாது போல. காட்டியும் அது என்னன்னு சொல்லாம விட்டா வேலை செய்யுது. நரியும் மாங்காவும் சொல்ற பேர் விஷயம் இங்க பொருந்துது.

'பிரமயுகம்' பாத்தீங்களா யாராச்சும்? 2024, மலையாளம், முழுக்க கருப்பு வெள்ளை, மம்முட்டி. பாழடஞ்ச மனைல மூணு பேரு, தாயம் உருட்டுறாங்க, பந்தயமே அங்க வந்து மாட்டிக்கிட்டவனோட காலம்தான். அதுலயும் முடியுற வரைக்கும் முன்னாடி உக்காந்திருக்கறது மனுசனா குட்டிச்சாத்தானாங்கற கேள்விதான் ஓடுது.

பெகு பேச்சி

பாத்தேன், மம்முட்டி சிரிக்கிற சிரிப்புக்கே காசு. ஒரு யட்சி வந்துட்டுப் போறதோட சரி, மத்தபடி பொம்பளையே கிடையாது படத்துல, அதனால நிம்மதியா பாத்தேன் 😄

கட்டிலுக்கு அடியில

சீரியஸா பேசிக்கிட்டு இருக்கீங்க, நடுவுல ஒரு கிறுக்குப்படம் சொல்லிட்டுப் போறேன். 'மிஸ்டிக்ஸ் இன் பாலி', 1981, இந்தோனேஷியா. ஒரு வெள்ளைக்காரி பாலில சூனியம் கத்துக்க ஒரு கெழவிகிட்ட போறா, கெழவி இவ தலைய மட்டும் கழட்டி குடல் தொங்கத் தொங்க பறக்க விடுது, புள்ளத்தாச்சி வீட்டுக்கு அனுப்புது. நடுவுல எலிய வாந்தி எடுக்குறா, பன்னியா மாறுறா. கிராபிக்ஸ பாத்தா சிரிப்பு வரும், ஆனா சிரிச்சு முடிச்சப்புறம் அந்தக் கெழவி சிரிப்பு மட்டும் காதுல நின்னுருச்சு. இங்க தாய்லாந்துலயும் அதே தலை பறக்குற பேய் இருக்கு, கிராசுன்னு சொல்லுவாங்க. ஜப்பான் 'ஹவுஸ்' 1977 புடிச்சவங்களுக்கு இது கண்டிப்பா புடிக்கும், அதுல பியானோ ஆளத் திங்கும், இதுல தலை.

மோல்மேன் மாங்கா

ஹவுஸ் படத்து ஐடியா எல்லாம் டைரக்டரோட சின்னப் பொண்ணு சொன்னதுதானாம், அதான் அப்படி. பெரியவங்களுக்கு அந்த பியானோ தோணாது.

நரி அண்ணே ஒரு கேள்வி. 'தி மீடியம்' தயாரிச்ச நா ஹாங் ஜின் 2016ல எடுத்த 'தி வெய்லிங்' பாத்தீங்களா, 156 நிமிசம். அதுல கொரியப் பூசாரி மேளத்தோட ஆடுறான், இன்னொரு பக்கம் மலைல அந்த ஜப்பான் கெழவன் தனியா பூசை பண்றான், ரெண்டையும் மாத்தி மாத்தி காட்டுவாங்க. நம்ம பாட்டுக்கு இவன் அவன எதுத்து ஆடுறான்னு நினைச்சிட்டு இருப்போம். முடிஞ்சப்புறம் யோசிச்சா யாரு யார எதுத்து ஆடினான்னே சந்தேகம் வந்துரும். கடைசில வெள்ள ட்ரெஸ் பொண்ணு சேவல் மூணு தடவை கூவுற வரைக்கும் வீட்டுக்குள்ள போகாதன்னு சொல்றா, பாவம் அப்பங்காரன் அவள நம்பவா பூசாரிய நம்பவா. நீங்க அந்த இடத்துல இருந்தா?

நடுச்சாம நரி

நானா இருந்தாலும் உள்ள ஓடியிருப்பேன் தம்பி, புள்ள உள்ள இருக்கு.

இப்ப 'தி மீடியம்' ஸ்பாய்லர், பாக்காதவங்க இதோட நிறுத்திக்குங்க.

நிம் அம்மா நடுவுலயே தூக்கத்துல செத்துப் போயிருவாங்க, பாயான் சிலை தலைய எவனோ வெட்டிட்டுப் போயிருப்பான், கிளைமாக்ஸ்ல ஒரே ரத்தம், அதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி ஓவராத்தான் பட்டுச்சு, பேச்சி சொல்றது அந்த இடத்துல நூத்துக்கு நூறு சரி. எல்லாம் முடிஞ்சப்புறம் அவங்க சாகுறதுக்கு முன்னாடி குடுத்த பேட்டி ஒன்ன கடைசில போடுறாங்க. அழுதுகிட்டே சொல்றாங்க, இத்தன வருசமா என் மேல பாயான் வந்துச்சாங்கறதே எனக்கு நிச்சயமா தெரியலன்னு. ஊரே அவங்க காலுல விழுந்திருக்கு, வைத்தியம் பாத்திருக்காங்க, அவங்களுக்கே தெரியல.

அத பாத்ததுல இருந்து பெரியத்தைகிட்ட கேக்கணும்னு வாய் வரைக்கும் வருது. கேக்க முடியுமா அத?

பெகு பேச்சி

கேக்காதீங்க. ஆடுற வரைக்கும்தான அவங்கள யாரும் எதுத்துப் பேச மாட்டாங்க. நீங்க கேட்டு வச்சீங்கன்னா மாமாவும் நாளைக்கு அதே கேள்விய கேப்பாரு.

தட்டோன் தாத்தா

கேட்டாலும் பதில் சொல்லாது நரி. எங்க அண்ணன் பொண்டாட்டிகிட்ட நான் வாய் விட்டுக் கேட்டேன், எனக்கு எதுவும் ஞாபகம் இருக்காது கொழுந்தனாரே, உடம்பு வலி மட்டும்தான் மறுநாள் இருக்கும்னுச்சு. உண்மையோ பொய்யோ, அதுக்கு மேல கேக்க எனக்கு தைரியம் இல்ல.

ஏழாம் மாடி

அந்தப் பேட்டி சீன வெட்டிட்டுப் பாத்தா 'தி மீடியம்' சாதாரண படம்தான், நான் அதுல உறுதியா இருக்கேன். கட்டிலுக்கு அடியில தம்பி, பாலி படத்துக்கு நல்ல பிரிண்ட் எங்க கெடைக்குது? என்கிட்ட இருக்கறதுல சப்டைட்டில் வேற படத்தோடது.

கட்டிலுக்கு அடியில

டெலிகிராம்ல அனுப்புறேன் அண்ணே. ஆனா அந்த வேற படத்து சப்டைட்டிலோடயே பாருங்க, தலை பறக்குறப்ப கீழ 'காபி சாப்புடுறீங்களா'ன்னு வந்தா இன்னும் நல்லா இருக்கும்.